ஆர்லன் துப்பாக்கி தேர்ந்தெடுத்த வருடம்

மொன்டானாவில் ஆர்லன் நீகார்டைப் போல முடிவெடுக்கத் தெரியாத பண்ணைக்காரன் இன்னொருவன் இருந்தால், அவன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருப்பான். ஊரார் சொன்னதல்ல இது, ஆர்லனே தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது.

அந்த வசந்தத்தில் பனி உருகியதும் அவனுடைய குதிரைமசால் வயலில் தரையணில்கள் தலைகாட்டின. குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீவனம் அந்த வயல்தான். அணில்கள் குட்டி போடுமுன் அதுகளைச் சுட்டுத் தள்ளியாக வேண்டும். வீட்டில் அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது, குண்டளவு இருபத்திரண்டு. ஆர்லன் துரைக்கு அது போதவில்லை, தூரத்துக்கு எட்டாதாம்.

தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடுகிறவர்களிடம் யோசனை கேட்டான்.

"பதினேழு வாங்கேன், தோட்டா மலிவு" என்றான் பக்கத்துப் பண்ணை டுவேன்.

"நம்மூர் காத்துக்கு அந்தக் குண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போயிடும்யா" என்றான் ஆர்லன்.

"அப்ப இருநூத்தி இருபத்திமூணு?"

"எல்லார்கிட்டயும் அதானே இருக்கு."

"இருபத்திரெண்டு-இருநூத்தம்பது வாங்கிட்டுப் போ!"

"நாலு சுட்டா குழல் கொதிக்குமே."

"பேசாம அந்த அணிலுங்களையே கூப்பிட்டு, எந்தக் குண்டுல சாக இஷ்டம்னு கேட்டுடு."

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் ஆர்லன்தான்.

கடைசியில் அந்தக் குழல் கொதிக்கிற துப்பாக்கியையே, அதிலும் தடித்த குழலாக, கடையில் கேட்டு எழுதிக்கொடுத்தான். பிறகு மாற்றினான். மறுபடி பழையதையே கேட்டான். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் அவனைக் காத்திருப்போர் வரிசையின் வாலுக்குத் தள்ளினார். அதற்குள் குட்டிகள் வெளியே வந்து வயலை மேய ஆரம்பித்துவிட்டன.

"அந்தப் பழசை எடுத்துட்டு இன்னிக்கே போயேன், ஆர்லன்" என்றாள் மனைவி லவோன்.

"சரியான சாமான் இல்லாம இறங்கினா பாதி வேலைதான் ஆகும்."

"இப்ப மட்டும் முழுசா ஆகுதாக்கும்!"

சாயங்காலங்களில் வேலைவிட்டு வந்து, வண்டி ஜன்னல் வழியாக அவளே சிலதைச் சுட்டாள். ஆர்லன் பக்கத்தில் உட்கார்ந்து காற்றின் வேகம் சொன்னான்.

துப்பாக்கி கோடை முடியும்போது வந்தது. அடடா, என்ன அழகு! வயலோரம் குப்புறப் படுத்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். ஒரு அணிலையும் காணோம். தின்று கொழுத்து, வழக்கம்போல அடுத்த வசந்தம்வரை வளைக்குள் தூங்கப் போயிருந்தன. சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த விஷயம்தான், அந்த மகா புத்திசாலிக்கு அது நினைவில்லை. வீம்புக்கு ஒரு தகர டப்பாவைச் சுட்டான். நட்டநடுவில் ஓட்டை விழுந்தது. பாதி வயல் மொட்டையாகக் கிடந்தது.

முதல் பனிக்கு முன் மாடு ஏற்ற லாரி வந்து நின்றது. இருக்கும் தீவனம் பாதி மந்தைக்குத்தான் தாங்கும், மீதியை விற்றாக வேண்டும். ஆர்லன் பட்டி வாசலில் நின்று ஒவ்வொரு மாடாகப் பார்த்தான். இதுவா, அதுவா? ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

"எதை ஏத்தறதுன்னாவது சட்டுனு சொல்லேன்" என்றாள் லவோன்.

அவன் மறுபடி முதல் மாட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். லவோன் கதவைத் திறந்தாள். அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த சிவப்புப் பசு, அவள் கையில் ஏதோ இருக்கிறதென்று நம்பி, முதலாவதாக அவள் பின்னால் நடந்து லாரியில் ஏறியது.