ஏழாவது கிண்ணம்

காக்களூரில் எங்கள் கம்பெனியில் ரப்பர் விரிப்பு செய்கிறோம். மேலே நிற்பவரின் உடம்பில் சேரும் மின்சாரம் தரையில் இறங்க, ரப்பருக்குள் மின்சாரம் பாய வேண்டும். அதற்காகக் கரித்தூள் கலப்போம். புது ரப்பர் ஒன்றுக்கு எவ்வளவு தூள் வேண்டும் என்று பார்க்க, மெஷின் ஓட்டும் அமுதா ஒரே ரப்பரில் ஒவ்வொரு கிண்ணமாகத் தூளைக் கலந்துகொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை வெட்டி, சூட்டில் வேகவைத்து, மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஆறு கிண்ணம் ஆகியும் முள் அசையவில்லை.

"பாதியக் கீழ கொட்டிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? முழுசாத்தான் போட்டுக்கினு இருக்கேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஏழாவது முறையும் அதே அளவு ஒரு கிண்ணம்தான் போட்டாள். முள் துள்ளி மறுகோடிக்குப் போய் நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதுவரை ரப்பருக்குள் தனித்தனியாகக் கிடந்த துகள்கள், இப்போதுதான் ஒன்றையொன்று தொட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழி போட்டிருக்கின்றன! கறுப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மெஷின் பக்கம் போனேன்.

எல்லார் முன்னாலும் அமுதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்த ஆறு கிண்ணமும் உள்ளதான் சார் இருந்துச்சி" என்றாள்.

இன்றும் முள் அசையாதபோது, எனக்கு முதலில் கேட்பது அந்தக் குரல்தான்.