மீனைக் கொடுக்கும் கை

என் தங்கை செலீன் இடக்கைக்காரி. அவள் கரண்டி பிடிக்கத் தொடங்கியபோதே அம்மா அதைக் கவனித்துவிட்டா. அடிக்கவோ கையைக் கட்டிவைக்கவோ இல்லை. ஒரு சட்டம் மட்டும் போட்டா. "எழுதுறதும் கீறுறதும் எந்தக் கையாலயும் செய். சாப்பிடுறதும் ஆருக்கும் ஒண்டு குடுக்கிறதும் சோத்துக்கையாலதான்."

மன்னாரில் போட்ட அந்தச் சட்டம் எங்களோடு கனடாவின் மொன்றியலுக்கும் வந்தது. செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு மூலையில் ஒரு தெப்பனேர் இருக்கிறது. பால், பாண், பேப்பர் எல்லாம் விற்கும் சின்னக் கடை. அங்கே செலீன் சில்லறையை இடக்கையால் பொறுக்கி, வலக்கைக்கு மாற்றி, பிறகுதான் கடைக்காரரிடம் நீட்டுவாள். பின்னால் நிற்பவர்கள் இவள் ஏதோ வித்தை காட்டப்போகிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

நான் அவளுடைய அக்கா, யோசெப்பின். சபனெல் தெருவில் உள்ள தையல் தொழிற்சாலையில் தைத்து வரும் சேட்டுச் சட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. கோணல் தையல் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் படம் கீறுவதற்கும் எனக்கும் வெகுதூரம். அதனால்தான் செலீன் தபால் முத்திரை கீறப்போகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

2006இல் அவளுக்கு ஒரு சின்ன ஓவிய நிறுவனத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சொந்தமாக முத்திரை வடிவமைக்க வசதியில்லாத சின்ன நாடுகளுக்கு இவர்கள் செய்து கொடுப்பார்கள். முதலாளி மதாம் லூசி. விண்ணப்பத்தில் செலீன் என்ற முதற்பெயரை மட்டும் பார்த்து, வரப்போவது கியூபெக் பிள்ளை என்று நினைத்திருந்தாவாம். என் தங்கை உள்ளே போனதும், அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று கதவைப் பார்த்தாவாம். இதைச் சொல்லிச் செலீன் சிரிப்பாள்.

முதலில் கிடைத்த பெரிய வேலை லோமாரி நாட்டுக்கானது. லோமாரி பசிபிக் கடலில் உள்ள சில தீவுகள். அங்குள்ள சனம் எங்கள் செயின்ட்-மிஷேல் சனத்தை விடக் குறைவு. அவர்கள் தங்கள் பண்பாட்டைக் காட்டும் நான்கு முத்திரைகள் கேட்டார்கள். பாய் இழைக்கும் பெண்கள், சிப்பி மாலை, நடனம். நான்காவது, முதல் மீன். புது வள்ளம் முதன்முதலாகப் பிடித்து வரும் மீனை, வள்ளம் செய்தவரே தன் கையால் ஒரு வீட்டுக்குக் கொடுப்பார். எந்த வீட்டு வளவில் வள்ளத்துக்கு மரம் தறித்தார்களோ அந்த வீட்டுக்கு. அது அவர்கள் வழக்கம்.

நான்கு முத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பின்னால் ஒரே கடல் ஓடவேண்டும் என்பது செலீனுடைய யோசனை. ஒரு முத்திரையில் எழும் அலை அடுத்ததில் போய் மடியும். மதாம் லூசிக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. "எல்லாம் சரியாக வந்தால் ஓரத்தில் உன் பெயர் வரும்" என்று சொல்லியிருந்தா. அரிசிமணியை விடச் சின்ன எழுத்துத்தான். ஆனால் பெயர் பெயர்தானே.

செலீன் அதை வீட்டில் சொன்னாள். அம்மா அதைக் கோயிலில் சொன்னா. அவ்வளவுதான்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். முத்திரை சேர்ப்பவர். பூசை முடிந்ததும் செலீனை வாசலில் பிடித்துக்கொள்வார்.

"என்ன பிள்ளை, முத்திரை வந்திட்டுதோ? நான் அல்பத்தில இடம் விட்டு வைச்சிருக்கிறன்."

"இன்னும் அச்சுக்கே போகேல்லை மாஸ்டர்."

"கெதியாக் கீறு பிள்ளை. எனக்கும் வயசு போகுதெல்லோ!"

படங்கள் லோமாரிக்குப் போயின. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் செலீன் வேலையால் வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"மூண்டு முத்திரை நல்லதாம் அக்கா. நாலாவதைத் திருப்பி அனுப்பிட்டினம். 'இது எங்கள் வள்ளம் இல்லை' எண்டு எழுதியிருக்கினம்."

"அப்ப அது ஆரின்ரை வள்ளமாம்?" என்று கேட்டா அம்மா.

"தெரியேல்லை அம்மா. திங்கள் காலமை எல்லாம் அச்சுக்குப் போகவேணும். மதாம் லூசி அந்த ஒண்டை அங்க வேலை செய்யிற றெனேயிட்டைக் குடுக்கப் பாக்கிறா. அவன் கொம்பியூட்டரில வேற மாதிரிச் செய்வான். கடல் பொருந்தாது, அதால நாலிலயும் கடலை எடுத்துப்போடுவினம். பேந்து என்ரை பேரும் வராது."

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டா. கோயில் வாசல் அவவின் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கவேண்டும்.

நான் செலீனின் படத்தையும், லோமாரியிலிருந்து வந்திருந்த புகைப்படத்தையும் மேசையில் வைக்கச் சொன்னேன். அந்தத் தீவு வள்ளங்களின் ஒரு பக்கத்தில் தடிகளை நீட்டி, நுனியில் மிதவைக் கட்டை ஒன்று கட்டியிருப்பார்கள். புகைப்படத்தில் அது வள்ளத்தின் இடப்பக்கம் இருந்தது. படத்தில் வலப்பக்கம். மீன் கொடுக்கும் மனிதரும் பக்கம் மாறி நின்றார்.

"செலீன், நீ இதைத் திருப்பிக் கீறினியோ?"

"ஓம், திருப்பினன்."

"ஏனடி?"

அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "போட்டோவில அந்த ஆள் இடக்கையால மீனைக் குடுக்கிறார் அக்கா. ஒரு நாட்டின்ரை முத்திரையில அப்பிடிப் போடலாமோ? மரியாதை இல்லையெல்லோ? அதுதான் ஆளைத் திருப்பினன். ஆளோட சேர்ந்து வள்ளமும் திரும்பிட்டுது."

"சரியாத்தானே செய்திருக்கிறாய்!" என்றா அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர் முழுக்க இடக்கையால் படம் கீறி ஒட்டி வைத்திருக்கிற பிள்ளைக்கு, இன்னொருவர் இடக்கையால் மீன் கொடுப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

செலீன் லோமாரித் தபாலதிபருக்கு வீட்டுத் தொலைபேசியில் அழைப்பு எடுத்தாள். அங்கே அப்போது சனிக்கிழமை காலை. தபாலதிபர் ஒரு பெண். செலீன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கி, மன்னிப்பும் கேட்டாள். மற்றப் பக்கத்தில் எழும்பிய சிரிப்பு குசினியில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"அவ என்ன சொல்லுறா?" அம்மா என் கையைச் சுரண்டினா.

செலீன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "எங்கட நாட்டில மிதவை எப்பவும் இடப்பக்கம்தான், மாறிக் கட்டினா எங்கட வள்ளம் இல்லை எண்டுறா. அந்த ஆள் அவையின்ரை பேர்போன வள்ளக்காரராம். பிறவியிலயே இடக்கைக்காரராம். வலக்கையால குடுத்தா, இது ஆர் புது ஆள் எண்டு சனம் கேக்குமாம்."

"இடக்கையால வாங்க அங்க ஒருத்தரும் கோவிக்கமாட்டினமோ? கேள்."

செலீன் கேட்டாள். பதிலை எங்களுக்குச் சொல்லும்போது அவளும் சிரித்தாள். "நாங்கள் மீனைத்தான் பாப்பம், கையைப் பாக்கிறேல்லை எண்டுறா."

மதாம் லூசி ஞாயிறு இரவு வரை தவணை கொடுத்தா. எங்களுக்குச் சனிக்கிழமை விடிந்ததும் குசினி ஓவியக் கூடமாகியது. அலைகள் பக்கத்து முத்திரையோடு பொருந்தவேண்டும். அதனால் செய்த படத்தை அப்படியே புரட்டிப்போட முடியாது. முழுவதையும் புதிதாகக் கீறவேண்டும். புகைப்படத்தில் கை மங்கலாக இருந்தது. திருப்பியபோது செலீன் தன் வலக்கையைப் பார்த்துக் கீறியிருந்தாள். இப்போது அவளுடைய இடக்கையில் தூரிகை. அதனால் மாதிரிக்கு என்னைப் பிடித்தாள். பிறிட்ஜில் இருந்த விளைமீனைத் தூக்கி என் இடக்கையில் வைத்து, "நீட்டு அக்கா" என்றாள்.

நீட்டினேன். என் கை மெல்ல மெல்ல உள்ளே போய், மீன் வலக்கைக்கு மாறிவிட்டது.

"அக்கா!"

"நான் மாத்தேல்லையடி. அதுவா மாறுது."

மறுபடி நீட்டினேன்.

"குடுக்கிற மாதிரி இல்லை. மீனைப் பாத்துப் பயந்த மாதிரி நிக்கிறாய். விரலைக் கொஞ்சம் தளர்த்து."

தளர்த்தினேன். மீன் விழுந்தது.

இதையெல்லாம் அம்மா கதவடியில் நின்று முகத்தைத் திருப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தா. முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்ப்பது அம்மாவால் மட்டுமே முடிந்த வேலை. மீன் இன்னொருமுறை நிலத்தில் விழுந்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா.

"தள்ளு. இங்க கொண்டா."

"அம்மா, இடக்கையாலயம்மா" என்றேன் நான்.

"எனக்குத் தெரியும். மாதாவே, ஒரு முத்திரைக்காகத்தான், பாத்தும் பாக்காத மாதிரி இரும்."

அம்மா மீனைச் செவுள் பக்கமாகப் பிடித்து, முழங்கையை மடித்து, இடக்கையை நீட்டினா. இத்தனை வருசம் மீன் கழுவிய கை. கொஞ்சமும் ஆடவில்லை. எதிரே யாரோ பசியோடு நிற்பதுபோலவும், அவருக்கு இன்னும் நல்ல மீன் கொடுக்க முடியவில்லையே என்பதுபோலவும் இருந்தது அந்தக் கை.

"அசையாதேங்கோ அம்மா" என்றாள் செலீன். அவளுடைய தூரிகை ஓடத் தொடங்கியது.

"கெதியாக் கீறு. சொதிக்கு வைச்ச மீன்."

அன்றும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் அவள் கீறினாள். மாஸ்டரின் கண்ணில் படாமல் இருக்க நாங்கள் கோயிலின் பக்கக் கதவால் வெளியே வந்தோம். அலைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. சேட்டுத் தையலைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஓரிடத்தில் நூலளவு விலகியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே திருத்தினாள்.

ஞாயிறு இரவே மதாம் லூசி படத்தை லோமாரிக்கு அனுப்பினா. திங்கள் காலை செலீன் தொழிற்சாலைக்கே என்னை அழைத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டேன்.

"பதில் வந்திட்டுது அக்கா. 'இது எங்கள் வள்ளம்.' அவ்வளவுதான் எழுதியிருக்கினம்."

"அப்ப பேர்?"

"வருதாம்!"

முத்திரைகள் வந்த ஞாயிறன்று மாஸ்டர் பூதக்கண்ணாடியோடு கோயிலுக்கு வந்தார். பூசையில் அது அவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. வாசலில் நான்கு முத்திரைகளையும் வரிசையாகப் பிடித்துப் பார்த்தார். கடல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. ஓரத்தில் இருந்த அரிசிமணி எழுத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "செ-லீன். தே-வ-தா-சன்." எங்கள் அப்பாவின் பெயரும் சேர்ந்தே வந்திருந்தது.

மாஸ்டரின் கண்ணாடி கடைசி முத்திரையில் நின்றது.

"எல்லாம் நல்ல வடிவு பிள்ளை. ஆனா இந்த மனுசன் இடக்கையாலயெல்லோ குடுக்குது?"

செலீன் வாயைத் திறக்கமுன் அம்மா முந்திக்கொண்டா.

"மாஸ்டர், நீங்கள் மீனைப் பாருங்கோ."

மாஸ்டர் பார்த்தார். "மெய்தான். அசல் விளைமீன்" என்றார். பிறகு அல்பத்துக்கு ஒரு தொகுதி கேட்டுக் கையை நீட்டினார்.

செலீன் கைப்பைக்குள் இடக்கையை விட்டு ஒரு தொகுதியை எடுத்தாள். அதை வலக்கைக்கு மாற்றி, அவரிடம் கொடுத்தாள்.