சத்தம் வெளியே போகாத அறை

நேற்று எங்கள் கீழ்வீட்டு சார் இறந்துபோனார். காலையிலேயே அவருடைய சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து கொட்டுக்காரர்களைக் கூட்டி வந்துவிட்டார்கள். அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளியே, பைக் நிறுத்துகிற இடத்தில், பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையை வாட்டினார்கள். தோல் சூடாகும்போது ஒரு வாசனை வரும். மாட்டுத்தோலும் புகையும் பழைய பசையும் கலந்த வாசனை. அது படியேறி இரண்டாவது மாடியில் என் வீட்டுக்குள் வந்தது. துக்கம் கேட்கப் போவதற்காகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலத்தில் என் சமையலறை முழுக்க இந்த வாசனைதான்.

மத்தியானம் வரைக்கும் அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டிடத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. துக்கத்துக்கு அடிப்பதை யாரும் எதுவும் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கல்யாணமாகி மதுரையில் இந்த கே.கே. நகர் வீட்டுக்கு வந்த புதிதில், இருந்த இரண்டு படுக்கையறையில் ஒன்றை ஸ்டூடியோ ஆக்கினேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், மூச்சு இரையாமல் இருக்க மைக்குக்கு முன்னால் வளையத்தில் இழுத்துக் கட்டிய என் பழைய துப்பட்டாத் துண்டு. ஆட்டோவில் வைத்து ஊர் சுற்றுகிற விளம்பரங்கள்தான் முதலில் வந்தன. பாத்திரக்கடை ஆடித் தள்ளுபடி, பள்ளிக்கூட அட்மிஷன், காணாமல் போன ஒரு நாய். எல்லாவற்றுக்கும் என் குரல்தான். காய்கறி வண்டிக்காரர் ஒருநாள், "யக்கா, இப்பத்தான் நீங்க ஆட்டோல கத்திக்கிட்டே போனீக, அதுக்குள்ள இங்க நிக்கிறீகளே?" என்று கேட்டார். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு பாட்டுகள் வந்தன. காதுகுத்துப் பாட்டு, கோயில் கொடைப் பாட்டு, எல்லாவற்றையும் விட அதிகமாக மாட்டுப் பாட்டு. ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர்கள் தங்கள் மாட்டுக்கென்று ஒரு பாட்டுப் போட்டு, வாடிவாசலுக்குப் போகும் முன்னால் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அதில் மாட்டின் பெயர் வர வேண்டும், ஊர் பெயர் வர வேண்டும், மாமன் மச்சான் பெயரெல்லாம் வர வேண்டும். யார் பெயர் முதலில் வருவது என்று என் ஹாலில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, அந்தச் சண்டை எனக்கு டீவி பார்க்கிற மாதிரி.

மாட்டுப் பாட்டுக்கு நிஜப் பறை இல்லாவிட்டால் உயிர் இருக்காது. அப்படித்தான் கருப்பையா அண்ணன் வந்தார். கீழக்குயில்குடிக்குப் பக்கத்து ஊர். சாதாரண நாளில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார், திருவிழா மாதங்களில் பறை. முதல் இரண்டு தடவை 'ம்மா' என்றவர், பிறகு தானாகவே 'தங்கச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நன்றாக வராத பதிவுக்கெல்லாம் மைக்கைத்தான் திட்டுவார். "ஒங்க மைக்குக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல தங்கச்சி, ஒரு கசாயம் வச்சுக் குடுங்க" என்று அவர் சிரித்தால், அது பறையை விடப் பெரிய சத்தம்.

சத்தம் என்று புகார் வந்தது அதற்குப் பிறகுதான். கீழ்வீட்டு சார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். அவர் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த கறிவேப்பிலையைக் கிள்ளிக் கொண்டுவந்து தருவார். அவர் தலைக்கு மேலேதான் என் அறை. மனுஷருக்கு நியாயமான கஷ்டம் என்று நம்பினேன். நம்பி, அந்த அறையோடு மல்லுக்கு நின்றேன்.

முதலில் முட்டை அட்டை. யோசனை சொன்னது என் வீட்டுக்காரர். மொத்தக் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரில் ஒட்டினோம். மூன்று நாளில் எறும்பு வந்தது, ஒரு வாரத்தில் பல்லி குடும்பத்தோடு குடியேறியது. அறைக்குள் எதிரொலி அடங்கியதே தவிர, கீழே போகிற சத்தம் போய்க்கொண்டேதான் இருந்தது. சத்தத்தைத் தடுப்பது கனமான பொருள்தான், அதோடு ஒரு இடுக்கு விடாமல் அடைக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

கதவிடுக்குக்குப் பழைய ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரைப் பிய்த்து ஒட்டினேன். ஜன்னலுக்காகப் பழைய ஊருக்குள் மெத்தை தைக்கிற சுல்தான் பாயிடம் போனேன். அளவைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா, பிள்ளைக்குத் தொட்டில் மெத்தையா?" என்றார். "இல்ல பாய், ஜன்னலுக்கு." "ஜன்னலுக்கு மெத்தையா? யா அல்லா, அது எப்பம்மா தூங்குது?" என்றார். ஆனாலும் பஞ்சை அடைத்து அடைத்து, ஆள் தூக்க முடியாத கனத்தில் தைத்துக் கொடுத்தார். தரை வழியாக இறங்குகிற அதிர்வுக்கு, பழைய லாரி டயரைத் துண்டு துண்டாக வெட்டி வாங்கி வந்து பரப்பி, அதன்மேல் கனத்த பிளைவுட் போட்டு மேடை கட்டினேன்.

அப்புறம் அது அறையே இல்லை, இட்லிக் கொப்பரை. ஃபேன் போட்டால் மைக்கில் காற்று இரைச்சல், போடாவிட்டால் வேர்வை. மதுரைச் சித்திரை வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழுக்கத்தில் பறைத்தோல் தளர்ந்து, சத்தம் தொளதொளவென்று வரும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் சூடு காட்டி இறுக்க வேண்டும். அபார்ட்மெண்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? என் கேஸ் அடுப்பில்தான் அண்ணன் வாட்டுவார். ஒரு பர்னரில் பால், இன்னொன்றில் பறை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த முதல் நாள் காப்பி கேட்கவே பயந்தார்.

இத்தனைக்குப் பிறகும் புகார் நிற்கவில்லை. இன்னொரு புகார் வந்தால் ஸ்டூடியோவை மூடிவிட வேண்டியதுதான் என்று அபார்ட்மெண்ட் சங்கத்துக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். நான் சாரைப் பார்த்து, "சார், அண்ணன் எங்க வீட்டுல அடிக்கட்டும். நானும் உங்க வீட்டுல உங்க பக்கத்துல நின்னு கேக்குறேன். சத்தம் கேட்டா நானே மூடிர்றேன்" என்றேன். சார் ஒத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அண்ணனிடம், நான் கீழே போனதும் அடியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சாரின் படுக்கையறையில் அவரும், அவர் மனைவியும், நானும் நின்றோம். சார் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்குது பாரு" என்றார்.

"எனக்குக் கேக்கலியே சார்."

"கேக்குதும்மா. நெஞ்சுல வந்து இடிக்குது. இதுக்கு மேல எப்படிச் சொல்ல?"

என் காதில்தான் கோளாறோ என்று பயந்துவிட்டேன். நானும் சுவரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "அண்ணே, செத்த நிப்பாட்டுங்க" என்றேன்.

"எத நிப்பாட்ட? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே தங்கச்சி. தோலு காயல, அடுப்புலதான வாட்டிக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், பாருங்கள் என் அறிவை. சார் கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டார். பேசியது அவர் மனைவி.

"அடிக்கலைன்னா என்ன, அடிக்கத்தான போறாக? எழவு வீட்டுல அடிக்கிறதக் கொண்டாந்து, நாலு பேரு நல்லது கெட்டதுக்குப் பொழங்குற படி வழியா ஏத்துற. நீ உசிலம்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. ஒனக்கு நாங்க சொல்லியா தெரியணும்?"

சார் மனைவியை அதட்டவில்லை. என்னிடம் தன்மையாக, "வீணை கிளாஸ் வச்சுக்கம்மா, யாரு வேணாம்னா?" என்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் டயர் வாங்கியிருக்க மாட்டேனே சார்" என்றேன். திரும்பும்போதுதான் பார்த்தேன், போனை நான் கட் பண்ணவே இல்லை, அண்ணன் இன்னும் லைனில் இருந்தார்.

மேலே வந்தால் அடுப்பு அணைந்திருந்தது. அடுப்பு மேடையைப் பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார் அண்ணன். அதற்கு முன்னால் அவர் துடைத்ததே இல்லை. "ஒவ்வொரு அடியாத் தனித்தனியா அடிச்சுத் தாரேன், எடுத்து வச்சுக்கங்கம்மா. கம்ப்யூட்டர்ல வேணுங்கிற மாதிரி அடுக்கிக்கிறலாம்ல? ஆளு வந்து போற தொந்தரவு ஒங்களுக்கு இருக்காது" என்றார்.

'ம்மா' என்றார். அது என் காதில் விழுந்தது. விழுந்தும், மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

மெல்லிய அடி, பலத்த அடி, ஓரத்து அடி. ஒவ்வொன்றும் அடங்கும் வரை அசையாமல் நின்று, அடுத்ததை அடித்தார். மைக்கை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. காப்பி போடுகிறேன் என்றேன், பெயிண்ட் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இன்று அவருக்குச் சொந்தக் குழு இருக்கிறது, வெளிமாநிலமெல்லாம் போய் வருகிறார்கள். நடுவில் ஒரு பாட்டுக்குக் கூப்பிட்டேன். "வேற எடம்னா சொல்லுங்கம்மா, வாரேன். அந்தப் படி வேணாம்" என்றார். வேறு இடம் பார்க்க எனக்கு வசதி இல்லை. அவர் அடித்துக் கொடுத்த அடிகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, பாட்டுப் போட ஆரம்பித்தேன். ஒருநாள் கோபத்தில் கதவை விரியத் திறந்துவைத்து, பெரிய ஸ்பீக்கரில் அதே அடிகளை அலறவிட்டேன். மறுநாள் சார் படியில் என்னைப் பார்த்து, "இப்ப சத்தமே இல்லம்மா, எப்படிச் சரி பண்ணுன?" என்றார். அவர் கையில் கறிவேப்பிலை இருந்தது. வாங்கிக்கொண்டேன். குழம்பில் போட மனசு வரவில்லை, வாடிப்போகும் வரை ஃபிரிட்ஜில் கிடந்தது.

இப்போது மாட்டுக்காரப் பையன்கள் பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பாட்டும் அப்படியே திரும்பிப் போகிறது. வாசலில் செருப்புக் குவியல் இல்லை, ஹாலில் மாமன் மச்சான் சண்டை இல்லை. படியில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. போன வாரம்கூட ஒரு பையன், பறை அடி பிரமாதம், அடித்தது யார் என்று கேட்டிருந்தான். அண்ணன் பேசியது எங்கேயாவது கிடந்தால் அவனுக்கு அனுப்பலாம் என்று பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். அடிகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. அடிக்கும் அடிக்கும் நடுவில் அவர் பேசியது, சிரித்தது, என்னைக் கூப்பிட்டது, ஒன்றுகூட இல்லை. பாட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று, தேவையில்லாத சத்தமெல்லாம் அன்றன்றைக்கே நானே வெட்டிப்போட்டிருக்கிறேன்.