குழாய்க்குக் கொடுத்த பெயர்

கையில் கட்டோடு மகள் என்னிடம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கட்டுப் போட்டது பதுளை ஆஸ்பத்திரியில். கையை முறித்தது வெலிமடையில் இருந்த அவள் புருஷன். அவனுக்குத் தெரியாத தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். எழுபதுகளின் கடைசி அது.

அன்று பஸ் நிலையத்தடியில் கீரை விற்கும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒங்க மருமகன் வெலிமட பஸ்ஸுல வந்து எறங்கியிருக்காரு. ஒங்க வீட்டக் கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன். பக்கத்துல நின்ன ஒரு மகராசன், நகரசபையில போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டான். அந்தா, டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

எங்கள் ஊரில் வீடு தேடி வருகிறவரை நகரசபைக்கு அனுப்புவதுதான் வழக்கம். வரி கட்டும் கவுண்டரில் பெயரைச் சொன்னால் தெருவைச் சொல்வார்கள். மழை என்றால் பியோனையும் குடையோடு கூட அனுப்புவார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த என் அண்ணனை அப்படித்தான் ஒருமுறை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். நானே அதை எத்தனை பேரிடம் மெச்சியிருக்கிறேன். இப்போது அந்த நல்ல குணத்தை நினைத்துத்தான் நடுங்கினேன். புது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு நகரசபையில் என் பெயரைத்தான் கொடுத்திருந்தேன்; தெருவும் அங்கே பதிவாகியிருந்தது.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். கவுண்டரில் கூட்டம். அங்கே இருந்த முஸ்லிம் கிளாக்கரை ஊரே 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னே போய், "நானா, யாராவது வந்து என் வீட்ட..." என்றேன். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீட்டு விஷயத்தை மறைத்துவைக்கச் சொல்வதை ஊருக்கே கேட்க எப்படிச் சொல்வது?

கிளாக்கர் நானா என்னை ஒரு கணம் பார்த்தார். குழாய்க்கு மனுக் கொடுக்க வந்த அன்று, கட்டுப்போட்ட கையோடு என் பக்கத்தில் நின்றவளையும் அவர் பார்த்திருந்தார்.

"குழாய் விஷயம்தானே டீச்சர்? உள்ளுக்கு வாங்க" என்று சத்தமாகச் சொல்லி, அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதிரையைக் காட்டினார். நான் உட்கார்ந்து சற்று நேரத்துக்குள் மருமகனின் குரல் கேட்டது. என் பெயரைச் சொன்னான்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார் நானா.

"மருமகன். எம் பொண்டாட்டி அங்கதான் இருக்கா."

"நல்லது. ஒங்க பேரு, ஊரு, எதுக்குத் தேடுறீங்க, எல்லாத்தையும் இந்தத் தாள்ல எழுதுங்க. அவங்களுக்கு அனுப்பிக் கேப்போம். அவங்க சரின்னா சொல்லுவோம்."

"எம் பொண்டாட்டியத் தேட நான் எழுதிக் குடுக்கணுமா? மத்தவங்களுக்கெல்லாம் வாயால சொல்றீங்க!"

"பொண்டாட்டி எங்கன்னு புருஷனுக்கே தெரியல்ல. நகரசபைக்கு எப்பிடித் தம்பி தெரியும்?"

கூட்டம் சிரித்தது. யாரோ, "எழுதிட்டு ஒதுங்குப்பா, நாங்களும் நிக்கிறோம்ல" என்றார்கள். கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டு இருந்தேன். தாள் கசங்கும் சத்தம் கேட்டது. பிறகு படிகளில் செருப்புச் சத்தம்.

நானா என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார். பியோன்தான் பால் விடாத ஒரு பிளேன் டீ கொண்டுவந்து வைத்தார். "வெலிமட பஸ் போன பொறகு போகச் சொன்னாரு டீச்சர். தெரு பேரு வெளிய போகக் கூடாதுன்னு, தண்ணி பில்லும் இனி வீட்டுக்கு வராதாம். இங்க வந்தே வாங்கிக்கச் சொன்னாரு."

வீட்டில் மகள் இடது கையால் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும், "வந்தாராம்மா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். வெளிறிப்போய் நின்றவள், நானா கேட்ட அந்தக் கேள்விக்கு வந்ததும், கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னிடம் வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் சிரித்தாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடிவிட்டுப் போய், கதவுத் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தேன்.