பல்லில் பறி, தொண்டையில் பாட்டு

எங்கள் ஏரிக்கரையில் எதற்கும் சீட்டுதான். எந்தக் குப்பத்து வலை எந்த நாளில் எங்கே இறங்குவது என்பதற்குச் சீட்டு. சமுதாயக் கூடத்தில் எந்தச் சனிக்கிழமை யார் ஆடுவது என்பதற்கும் சீட்டு. கோடை பிறந்தால் ஒரு பித்தளைக் குடத்தில் குப்பங்களின் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். கும்மி, கோலாட்டம், தப்பாட்டம் என்று சாயங்காலம் ஆறு மணிக்கே கூடம் நிரம்பி, ஜன்னல் கம்பியிலும் ஆட்கள் தொங்குவார்கள். எங்கள் பெயர் மட்டும் அந்தக் குடத்தில் விழுந்ததே கிடையாது. நாங்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். வலை இல்லாதவர்களுக்கு ஏரியில் சீட்டு இல்லை, சரி. வலைக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இதை நினைத்து நினைத்து எனக்குப் பல வருடம் வயிறு எரிந்திருக்கிறது.

எனக்கு வாயும் அதிகம், கோபமும் அதிகம். "நீ தண்ணியில இறங்கினாத்தான் எனக்கு நிம்மதி"னு என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். காரணம் பறி. பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறபோது, பிடித்த இறாலைப் போட அதைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்போம். வாயைத் திறந்தால் அன்றைய பாடு ஏரியோடு போய்விடும். அதனால் தொண்டையிலேயே முனகிப் பாடுவோம். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நகரும்போது அந்த ராகம்தான் எங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். காலடியில் பள்ளம் தட்டுப்பட்டால் குரலை ஏற்றுவோம், பக்கத்தில் இருப்பவள் ஒதுங்கிக்கொள்வாள். என் அண்ணிதான் எங்கள் வரிசைக்குத் தலை. பறியின் விளிம்பு தேய்த்துத் தேய்த்து அவள் முன்பல் இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது.

ஒரு வருடம் பொறுக்க முடியாமல் கூடத்துத் தலைவரிடமே போய் நின்றேன். மூன்று படகு வைத்திருந்தவர் அவர்.

"இன்னா தலைவரே, எங்க பேரையும் போட்டா கொடம் ஓட்டையாயிடுமா?"

"உங்களுக்கு இன்னாம்மா ஆட்டம் கீது? பாட்டை முன்னாடியே எழுதிக் குடு. யாரையாச்சும் திட்டிப் பாடிட்டா அப்புறம் கலாட்டா."

"எங்க பாட்டுல வார்த்தையே இல்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பறியைப் பற்றிச் சொன்னேன். தலைவர் முகத்தைச் சுளித்தார். "அத்தெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க ஊட்ல எந்தப் பொம்பளையும் பறி கவ்வினதில்ல" என்றார்.

நானும் விடவில்லை. அவர் போன இடமெல்லாம், படகுத்துறை வரைக்கும், பின்னாலேயே போனேன். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார். "கடைசி சனிக்கிழமை, கடைசியா பத்து நிமிசம். ஜனங்க உக்காந்து பாத்தா அடுத்த வருசம் கொடத்துல உங்க பேரு. எழுந்து போயிட்டா, இனிமே இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது."

ஊர் ஓரத்தில் இருக்கிற பழைய டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால்தான் ஒத்திகை பார்த்தோம். அங்கே படுத்திருக்கிறவர்கள் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அண்ணிக்குத்தான் பயம். "நாம செய்யிறது வேலைடி, ஆட்டமா அது?" என்று கேட்டாள். என்னைத் தவிர மற்ற பத்துப் பேரும் ஒரே வரிசையில் குனிந்து, காலால் சேற்றை அளந்து, கை இரண்டும் துழாவி, சட்டென்று நிமிர்ந்து பறியில் போடுவதை ஓரமாக நின்று பார்த்தேன். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. "இது ஆட்டம் இல்லன்னா வேற எதுதான் ஆட்டம்?" என்று சத்தம் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காய்ந்த ஓலை உதட்டைக் கிழிக்கும் என்பதால் பறிகளை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்துக்கொண்டு மேடை ஏறினோம். எங்களுக்கு முன்னால் ஆடியது தப்பாட்டம். கூடமே அதிர்ந்துபோய்க் கிடந்தது. தலைவர் மேடை ஓரத்தில் குடம் வைத்த மேசைக்கு அருகில் இருந்தார். அவர் மனைவி முதல் வரிசையில் பட்டுப் புடவையில் விசிறிக்கொண்டிருந்தார்.

பறியைக் கவ்வினோம். அண்ணி ஆரம்பித்தாள். மைக்கில் "ம்ம்ம்" என்று எழும்பியது. நாலு அடி நகர்ந்திருப்போம், மைக் செட்டுக்காரர் பெட்டியின் தலையில் ரெண்டு தட்டு தட்டினார். எங்கள் குரல் இன்னும் ஏறியது. அவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். அப்புறம், "தலைவரே, மிசின் இரையுது, ரிப்பேரு!"னு கத்திக்கொண்டே செட்டையே அணைத்துவிட்டார்.

கூடம் கொல்லென்று சிரித்தது. எங்கள் பாட்டை மிஷின் கோளாறு என்று நினைத்துவிட்டார் பாவி மனுஷன்! திட்டலாம் என்றால் என் வாயில் பறி. பின்வரிசையில் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தலைவரும் எழுந்தார். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் ஏங்கி வாங்கிய பத்து நிமிடம், ஒரு ஸ்விட்சில் போகிறதே!

அண்ணி மட்டும் நிற்கவே இல்லை. ஏரியில் யாருக்கு மைக் வைத்தார்கள்? அவள் பாட்டுக்குக் குனிந்து அடுத்த அடியை வைத்தாள். வைத்தவள் குரலை ஏற்றினாள், பள்ளம் இருக்கிறது என்று சொல்கிற அதே ஏற்றம். பழக்கத்தில் நாங்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஒதுங்கினோம். ஆட்டம் மறுபடி கூடிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. கூடத்துக்குள்ளிருந்து இன்னொரு "ம்ம்ம்" வந்தது. முதலில் சுவரோரம். பிறகு தூணுக்குப் பின்னால். பிறகு நடுவில். வலை வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள்! பறி கவ்வாதவளுக்கு இந்த ராகம் வராது. வலை வெறுமையாக வந்த வருடங்களில் அவர்களும் யாருக்கும் தெரியாமல் விடியலில் பறியோடு இறங்கியிருக்கிறார்கள். ஒருத்தியும் வெளியே சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. வாய் மூடித்தானே இருக்கிறது, யார் பாடுகிறார்கள் என்று எவன் கண்டுபிடிப்பது? ஆண்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாப் பெண்களும் ஒன்றும் தெரியாத மாதிரி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை வரைக்கும் சத்தம் நிறைந்தது. செருப்பைக் கையில் எடுத்தவர்கள்கூட அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

தலைவர் உட்காரவில்லை. தன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். விசிறி மடியில் கிடந்தது. அந்தம்மாவின் கண்கள் மூடியிருந்தன. தொண்டை அசைந்துகொண்டிருந்தது.

நாங்கள் முடித்ததும் விழுந்த கைத்தட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. மைக் செட்டுக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார், தப்புச் செய்தவர் இல்லையா. தலைவர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, அடுத்த வருசம் பாத்து..." என்று இழுத்தார்.

"இன்னாத்த பாக்கிறது? சொன்னது சொன்னபடி எழுது" என்று அந்தம்மா மேடைக்கு ஏறி வந்தார். தலைவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, நிகழ்ச்சித் தாளின் ஒரு மூலையைக் கிழித்து, எங்கள் குப்பத்தின் பெயரைத் தானே எழுதினார். நாலாக மடித்துக் குடத்தில் போட்டார். நான் பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றேன். எனக்கே வார்த்தை வராத நாள் அது ஒன்றுதான். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்பல் இரண்டிலும், அண்ணிக்கு இருப்பதுபோலவே, பள்ளம்.

அடுத்த கோடையில் குடத்தைக் குலுக்கி எடுத்தபோது முதல் சனிக்கிழமைக்கு வந்த சீட்டு அந்தம்மாவின் கையெழுத்தில் இருந்தது.