முனிலட்சுமியின் பதினேழு யானைகள்

சந்தை வாசலில் வண்டி வந்து நின்றதும் முனிலட்சுமி வாயைத் திறக்க மாட்டாள். கதவு திறந்து பிள்ளைகள் குதிக்கும்வரை காத்திருப்பாள். "ஏய், ஓடாதே" என்றோ, கன்னடத்தில் "ஓடபேடா" என்றோ உள்ளேயிருந்து தாயின் அதட்டல் வரும். அந்த அதட்டல் எந்த மொழியில் வந்ததோ, அந்த மொழியில்தான் வரவேற்பாள்.

"நம்பர் பிளேட்டை நம்பக் கூடாதுங்க. கர்நாடகா வண்டியிலயே நம்ம ஆளுங்க வருவாங்க. பிள்ளையத் திட்டறப்போ மட்டும் யாருக்கும் வேற பாஷை வராது."

பட்டுத் தெரிந்துகொண்டது அது. கடை போட்ட புதிதில், பெங்களூரு வண்டி ஒன்றைப் பார்த்து "பன்னி சார், பன்னி" என்று வாயாரக் கூப்பிட்டாள். கன்னடத்தில் அதற்கு 'வாருங்கள்' என்று அர்த்தம். இறங்கியவர் மதுரைக்காரர். "யாரைப் பாத்து பன்னிங்கிற?" என்று அவர் எகிற, அவர் மனைவி சிரித்த சிரிப்பில் சந்தையே கூடிவிட்டது. சிரித்த குற்றத்துக்கோ என்னவோ, அந்த அம்மாள் இரண்டு முக்காலி வாங்கிக்கொண்டு போனார்.

அஞ்செட்டிக் காட்டின் விளிம்பில், வனத்துறைச் சோதனைச் சாவடியை ஒட்டி, ஞாயிறுதோறும் அந்தச் சந்தை கூடுகிறது. தேன், மூங்கில் கூடை, சுடச்சுடக் களி. கடைசிக் கடை முனிலட்சுமியுடையது. அங்கே முக்காலிகளோடு, முழங்கால் உயரத்தில் யானைகளும் வரிசையாக நிற்கும். காட்டில் புல்லை முளைக்க விடாமல் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை வெட்டி வந்து, வேகவைத்துத் தோலுரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்துச் செய்தவை. ஆறு பெண்கள் சேர்ந்து செய்கிறார்கள். குச்சி வேகவைப்பது ரங்கம்மா, உடம்பு கட்டுவது சரிதா. காதும் தும்பிக்கையும் மட்டும் முனிலட்சுமியின் கைக்குத்தான்.

அறிமுகம் செய்துவைக்காமல் எந்த யானையையும் அவள் விற்பதில்லை. "இவ தோப்புக்காரி. வாழை வாசனை வந்தா போதும், வேலியாவது ஒன்னாவது! இவன் ஒத்தக்கொம்பன், நெஞ்சுல ஈரம் உள்ளவன். வழி விட்டு நின்னா அவன்பாட்டுக்குப் போயிருவான்." எல்லாம் அவள் விறகுக்கும் மாட்டுக்கும் போன வழியில் கண்ட யானைகள்.

நடுவில் பதினான்கு மாதம் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அறையெடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் மூடி சோதிக்கும் வேலை பார்த்தாள். சம்பளத்தில் குறையில்லை. "ஆனா பாருங்க, ஒரு நாளைக்கி ஆயிரக்கணக்குல மூடி. எல்லாம் ஒன்னாட்டமே இருக்கும். ஒரே ஒரு மூடி வேற மாதிரி வராதான்னு மனசு ஏங்கும். வந்தா அதைத்தான் தூக்கிப் போடணும்!" என்று கைகொட்டிச் சிரிப்பாள்.

போன ஐப்பசியில் ஓசூரிலிருந்து மோகன்குமார் தன் மனைவி ராஜலட்சுமியுடன் வந்தார். தெற்கத்திக்காரர், ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. இருபது ஆண்டு வேலை பார்த்த நாற்பது பேருக்குப் பொங்கலுக்குள் பரிசு கொடுக்க வேண்டும். நாற்பது யானை வேண்டும். சரிதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மோகன்குமார் கையோடு ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தார். உயரம், அகலம், காதின் வளைவு எல்லாம் மில்லிமீட்டரில்.

"நாப்பதும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கணும்மா. இந்தா, இந்த மாதிரி டேமேஜ் பீஸ் வந்துரப்படாது" என்று ஒரு யானையின் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அடியில் கிழிசல்.

"டேமேஜ் இல்லைங்க சார். அது காதே அப்பிடித்தான்."

"எதோட காது?"

"அந்த ஆனையோட காதுங்க."

சரிதா பின்னாலிருந்து முனிலட்சுமியின் இடுப்பில் கிள்ளினாள். "சரின்னு சொல்லுக்கா. காதை நேரா வெச்சா கொறஞ்சா போயிருவ? ஆறு வீட்டுக்கு ரெண்டு மாச வேலை."

அது முனிலட்சுமிக்கும் தெரியும். மழை பிடித்துவிட்டால் சந்தைக்கு ஆள் வராது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கண்முன்னால் மூடிகளாக உருண்டன. "சார், ஒரு அரைமணி நேரம் எங்கூட வாங்க. பாத்துட்டு வந்து நீங்க எப்பிடிச் சொன்னாலும் அப்பிடியே செஞ்சு தரோம்" என்றாள். சரிதா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வனக்காவலர் மாதேஷ் முன்னே போக, மூவரும் பின்னே நடந்தார்கள். மழை கழுவிய காடு. மூங்கில் புதர்களிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரமண்ணில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து, கால் நெருங்கியதும் பூ இறைத்ததுபோல் எழுந்தன. சந்தையில் மூச்சுவிடாமல் பேசும் முனிலட்சுமி, காட்டுக்குள் ஒரு சொல் பேசவில்லை. ராஜலட்சுமி ஏதோ கேட்டதற்குக்கூட விரலை உதட்டில் வைத்தாள்.

ஏரிக்கரைக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி நின்றார்கள். மணி நாலரை. முதலில் மூங்கில் அசைந்தது. பிறகு ஏழு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்கு இறங்கின. குட்டி ஒன்று சேற்றில் சறுக்கி உட்கார்ந்தது.

"ஏங்க, அந்தா பாருங்க! மூணாவதா நிக்கிறது! இடது காது!" ராஜலட்சுமி கணவரின் கையைப் பிடித்து உலுக்கினார்.

கிழிசல் இருந்தது. காது அசையும்போது அதன் வழியே வெயில் தெரிந்தது. மோகன்குமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் அவராகவே முணுமுணுத்தார்: "அந்தக் கடைசியில வாரது, முதுகு கொஞ்சம் எறக்கமா இருக்குல்லா?"

"அது பொறப்புலயே அப்பிடிங்க சார்."

"இருபது வருசமா எங்க ஆட்களைப் பாக்கேன். ரெண்டு பேரு ஒண்ணுபோல கெடையாது" என்றார். "நாப்பதும் வேற வேறயா செஞ்சு தருவீங்களா?"

முனிலட்சுமி சந்தோஷமாகத் தலையாட்டினாள். அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. விரல்விட்டு ஒரு சுற்று எண்ணிப் பார்த்தாள்.

"சார்... எனக்கு மொகம் தெரிஞ்சது பதினேழுதான் சார்."

ராஜலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாதேஷும் திரும்பி நின்று சிரித்தார்.

"பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குல்லா? ஆனா தேதி முக்கியம். மார்கழி பொறக்கதுக்குள்ள பாதியாவது..." என்று மோகன்குமார் அதிகாரியின் குரலில் தொடங்கினார்.

அந்த நேரம் எதிர்க்கரையில் புதிதாக ஒரு கூட்டம் இறங்கியது. அவள் இதுவரை பார்த்திராத கூட்டம். முனிலட்சுமி ஒரு கையால் அவரைப் பேச வேண்டாமென்று தடுத்தாள். மறு கையால் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே உருவி, ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் உள்ளங்கையில் ஒரு காதை வரைய ஆரம்பித்தாள்.