டிரம் மைக்கில் மிஞ்சிய குரல்

எங்கள் ரெகே இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் ஏழு பாட்டு. ஏழிலும் நான் பாடினேன், என் கணவர் பேஸ் கிடார் வாசித்தார். குரல் முன்னால் போகும், பேஸ் பின்னால் வரும். இரண்டாவது ஆல்பத்தை டப் ஆக்கலாம் என்று எல்லோரும் முடிவு செய்தபோது எனக்கு ஐந்தாவது மாதம். நானும் தலையாட்டினேன்.

ரெகே பாட்டு ஒன்றை முழுதாகப் பதிவு செய்துவிட்டு, பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் டப். குரல் போகும், கிடார் போகும், டிரம்மும் பேஸும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். போன குரலின் ஒரு சொல் எதிரொலியாக எங்கிருந்தோ வந்து கரையும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரு பாட்டை மட்டும் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் எழுதிய பாட்டு அது. தங்கவயலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்திருந்த சயனைடு மேட்டையும், கோடையில் அதிலிருந்து பறந்து வந்து துணிக்கொடியில் படியும் தூசியையும் பற்றியது. அந்த ஆல்பத்தில் எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான். எல்லோரும் சரி என்றார்கள்.

பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையின் மாடியில்தான் பதிவு செய்வோம். பட்டறை ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதனால் சர்ச்சுக்குப் போவது நின்றுபோனது. என் அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்ததே எனக்குக் குத்தலாக இருக்கும். மிக்ஸிங் செய்பவரை எல்லோரும் அண்ணன் என்போம். கன்டோன்மென்ட் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவர். அவரிடம் இருந்தது எட்டு ட்ராக் கொண்ட பழைய டேப் மெஷின். கம்ப்யூட்டரில் எதையும் சேமித்து வைக்க விடமாட்டார்.

"பழசு கீதுன்னா அது மேலயே சாஞ்சிக்கினு பாடுவீங்க. அழிச்சிட்டுப் பாடு. அப்பதான் தொண்டை தொறக்கும்" என்பார்.

அதுதான் எங்கள் வழக்கம். எதையாவது திரும்பச் செய்ய வேண்டுமென்றால் முதலில் பழையதை அழிக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை என் குரலை அழித்துவிட்டுத் திரும்பப் பாடியிருக்கிறேன். ஒருமுறைகூடப் பயந்ததில்லை.

எட்டாவது மாதத்தில், மற்றப் பாட்டுகளைப் போலவே மேட்டுப் பாட்டையும் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தோம். டிரம்முக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பாடினேன். பேஸ் ஆரம்பித்ததும் வயிற்றில் குழந்தை அசையாமல் போய்விடும். கேட்கிறதா, பயப்படுகிறதா என்று தெரியாது. இரண்டு துணியை மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். துணியால் பேஸை நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த பிறகு என் கணவருடைய வாசிப்பு மாறியது. முன்பு பத்து ஸ்வரம் வாசித்த இடத்தில் மூன்று வாசித்தார். நடுவில் நீண்ட இடைவெளி.

"இன்னாடா இது, எருமை ரோட்ல படுத்துக்கினா மாதிரி கீது. அது ஏந்துக்கற வரிக்கும் பாட்டு போவாதா?" என்று அண்ணன் கேட்டாராம்.

"தூக்கம் இல்லாதவன் வாசிச்சா அப்படித்தாண்ணா வரும்."

ஆனால் அண்ணனுக்கு அது பிடித்துவிட்டது. எல்லாப் பாட்டிலும் பேஸை மாற்றினார்கள்.

குழந்தைக்கு மூன்றரை மாதத் தடுப்பூசிக்காகக் கிளினிக்கில் காத்திருந்தபோது அவர் போன் செய்தார்.

"மேட்டுப் பாட்டுக்கும் பேஸை மாத்திட்டேன்ப்பா. உன் குரல் இப்ப அதோட ஒட்டல. நீ வேகமா போற. வந்து திரும்பப் பாடிடறியா?"

"பாடறேன்."

"அண்ணன் இப்பவே அழிச்சி வச்சிடறேன்ங்கறார். சரியா?"

நர்ஸ் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். "சரிங்க, அழிச்சிடுங்க" என்றேன்.

அன்று என்ன யோசித்தேன் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் யோசிக்கவில்லை. குரல் என்னிடம்தானே இருக்கிறது என்று நினைத்திருப்பேன். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வரிகூட நான் வாய்விட்டுப் பாடியிருக்கவில்லை. தாலாட்டுகூட முணுமுணுப்புதான்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் வீடு இருக்கும் அத்திபெலேயிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஹெட்போனில் அந்தப் புதிய பேஸ் வந்தது. அழகாக இருந்தது. அந்த இடைவெளிகளை மூச்சு விடாமல் கடக்க வேண்டும். முதல் வரியின் பாதியில் என் மூச்சு முடிந்துபோனது. ஆபரேஷன் தழும்புக்கு மேலே வயிறு காலியாக, பிடிமானம் இல்லாமல் இருந்தது. பாட்டைத் தாங்கிப் பிடித்த இடம் அதுதான் என்று அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி எடுக்கலாம்மா. அவசரம் இல்ல" என்றார் அண்ணன்.

ஐந்து முறை எடுத்தோம். ஒவ்வொன்றும் முந்தையதை அழித்துவிட்டுத்தான். ஐந்தாவதில் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் கணவர் தோளில் குழந்தை வாய் திறந்து அழுவது தெரிந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பால் சுரந்து குர்தா நனைந்தது. ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன்.

"பழசைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கண்ணா. எப்படிப் பாடினேன்னு மறந்துபோச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதை அழிக்கச் சொன்னது நினைவு வந்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு டிரம் ட்ராக்கை மட்டும் தனியாக ஓடவிட்டு ஒலியை ஏற்றினார். தட்டுச் சத்தத்துக்கு நடுவே, இரண்டு தெரு தள்ளி யாரோ பாடுவதுபோல, நான். ஒரே அறையில் பாடியதால் என் குரல் டிரம் மைக்குகளிலும் ஒழுகியிருந்தது. சொற்கள் தெளிவாக இல்லை. "தூசி" என்பது மட்டும் புரிந்தது. அண்ணன் அந்தச் சொல்லை எக்கோவுக்கு அனுப்பினார். அது போய்ப் போய்ச் சுற்றி, பேஸின் இடைவெளிகளில் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் ஒட்டாத குரல் தூரத்திலிருந்து ஒட்டியது.

"அட, இதாண்டா" என்றார் அண்ணன். என் கணவர் குழந்தையோடு எழுந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு ஆல்பம் முழுவதையும் அப்படியே மாற்றினார்கள். மற்றப் பாட்டுகளில் நன்றாக இருந்த குரல்களையும் நிறுத்திவிட்டு டிரம் மைக்கில் கசிந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேட்ட நண்பர்கள் எல்லோரும், இத்தனை நாள் தேடிய சத்தம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றார்கள். அது உண்மை. இப்போது கேட்டாலும் முதல் ஆல்பத்தைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. எதைச் சொல்லி நான் வருத்தப்படுவது? மூன்று மாதம் பொறுத்திருந்தால் பாடியிருப்பேனோ? கிளினிக்கில், அப்புறம் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? குழந்தையைக் காரணம் காட்டுகிறேனோ என்றும் தோன்றும். உடனே அவளைத் தூக்கிக்கொள்வேன்.

ஆல்பத்தின் அட்டை அச்சுக்குப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, கடைசி மிக்ஸிங்குக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டே அவர் கேட்டார்.

"உன் பேரை எங்கம்மா போடறது? குரல்னு போட்டா ஒரு வார்த்தைதானேன்னு யாராவது கேப்பாங்களோன்னு இருக்கு. நன்றின்னு போட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமோன்னும் இருக்கு. நீயே சொல்லு."

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"எங்கயும் போட வேணாம்."

"நிஜமா?"

"பஸ் போயிடும். கிளம்புங்க."

அவர் போன பிறகு குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தேன். துணி காயப்போட்டேன். பதினொன்றே முக்காலுக்கு, "குரல்னே போடுங்க. பேரோட" என்று மெசேஜ் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதி அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது. போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாக வந்தது. மிக்ஸிங் நடக்கும்போது போன் இரைச்சல் டேப்பில் ஏறும் என்று அண்ணன் எல்லோருடையதையும் அணைக்கச் சொல்லிவிடுவார். பஸ் பிடித்தால் அரை மணி நேரம். குழந்தை இரண்டு நாள் ஜுரத்துக்குப் பிறகு அப்போதுதான் கண் அசந்திருந்தாள். கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். கழற்றினேன். பக்கத்து வீட்டில் விட்டுப் போகலாம். விழித்துக்கொண்டு அழுதால்?

மூன்றே காலுக்கு இரண்டாவது டிக் விழுந்தது. உடனே பதிலும் வந்தது.

"ஐயோ. ஒரு மணிக்கே அட்டையை அனுப்பிட்டோம்ப்பா. நீ வேணாம்னுதானே சொன்ன?"

ஆமாம் என்று பதில் போட்டேன். குழந்தை எழுந்துவிட்டாள்.